சென்னையின் பெயர் தாங்கிய விமானப் படை

1940-ம் ஆண்டு இரண்டு செய்திகள் நடந்தன. ஒன்று இங்கிலாந்து தேசத்து வானத்தில் நடந்தது. இன்னொன்று குண்டூரில் நடந்தது. முதல் செய்தியில் ஓர் ஆஸ்திரேலிய வாலிபர் உயிரை விட்டார். இரண்டாவது செய்தியில் விருதுநகர்க்காரர் ஒருவர் கைதானார்.

இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் சென்னை மாகாணத்தின் பெயரும் பணமும் அவர்கள் இருவரையும் ஒரே கதையில் சேர்த்து வைத்தன.

யார் அந்த வாலிபர்?

அவர் பெயர் பாட் ஹியூஸ். ஆஸ்திரேலியாவில் கூமா என்ற ஊர்ப்பக்கம் 1917-ல் பிறந்தவர். சொந்த நாட்டில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, 1937-ல் கப்பல் ஏறி இங்கிலாந்து சென்றார். பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து அங்கும் பயிற்சி பெற்றார்.

1939-ல் உலகப்போர் மூண்டது. யார்க்ஷையர் நாட்டுப்புறத்தில் 234-ம் நம்பர் படைப்பிரிவு மீண்டும் தொடங்கப்பட்டது. ஹியூஸ் அதில் ஒரு பகுதிக்குத் தலைவரானார். புதிதாக வந்த பையன்களுக்கு 'ஸ்பிட்பயர்' சண்டை விமானத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பின்னாளில் பேர் பெற்ற பாப் டோ என்ற விமானி, தனக்குக் கற்றுத் தந்தவர் ஹியூஸ்தான் என்று நன்றியோடு சொன்னார்.

1940 ஆகஸ்டு 1-ந் தேதி ஹியூசுக்குக் கல்யாணம் நடந்தது. செப்டம்பர் 7-ந் தேதி ஜெர்மன் விமானம் ஒன்றைத் தாக்கியபோது அவருடைய விமானமும் விழுந்தது. மணமாகி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. வயது 22.

அந்த 234-ம் நம்பர் படைப்பிரிவுக்குத்தான் போர்க்காலத்தில் 'சென்னை ராஜதானி' என்று பெயர் சூட்டினார்கள். 79, 264 ஆகிய நம்பர் படைப்பிரிவுகளுக்கும் அதே பெயர் கிடைத்தது.

பெயர் வந்த விதம்

போருக்கு விமானம் வேண்டும். விமானத்துக்குப் பணம் வேண்டும். பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரு ஸ்பிட்பயர் விமானத்துக்கு 5,000 பவுன் என்று விலை குறித்தது. அக்காலக் கணக்கில் இது 66,000 ரூபாய்க்கு மேல். இந்தப் பணத்தைக் கொடுத்தவர் சொல்லும் பெயரை விமானத்தின்மேல் எழுதினார்கள். பெருந்தொகை கொடுத்த நாடுகளின், மாகாணங்களின் பெயரைப் படைப்பிரிவுக்கே வைத்தார்கள். சென்னையின் பெயர் இங்கிலாந்து வானத்துக்கு ஏறியது இப்படித்தான்.

நாட்டுப்புறத்தில் பயிற்சி

ஹியூசுக்குப் பின் ஆஸ்திரேலிய வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகள் 1939 டிசம்பரில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 37,000-க்கும் அதிகமான ஆஸ்திரேலியர்கள் விமானப் பயிற்சி பெற்றார்கள்.

அவர்கள் தங்கள் ஊரில் கற்றது வெட்டவெளியில். நமது கரிசல் காடு போல, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெரியும் பூமி அது. ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே பறந்தால் ஊர் வந்துவிடும். இங்கிலாந்தோ அப்படியல்ல. நெருக்கமான சிறு கிராமங்கள், மூடுபனி, ஓயாத மழை. எதிரிக்குத் தெரியக்கூடாது என்று இரவில் ஒரு விளக்கும் எரியாது. சிறகுப் பட்டம் வாங்கி வந்தவர்களும் மறுபடி அரிச்சுவடியிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

லிச்ஃபீல்டு என்ற ஊருக்கு அருகே 27-ம் நம்பர் பயிற்சி நிலையம் இருந்தது. அங்கே ஆஸ்திரேலியர்கள் அதிகம். இத்தகைய நிலையங்களில் ஒரு விநோதமான வழக்கம் உண்டு. விமானி, வழி கணிப்பவர், கம்பியில்லாத் தந்திக்காரர், குண்டு போடுபவர், துப்பாக்கி பிடிப்பவர் எல்லோரையும் ஒரு பெரிய கொட்டகையில் விட்டுவிடுவார்கள். "நீங்களே கூட்டாளிகளைத் தேடிக்கொள்ளுங்கள்" என்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் முகத்தைப் பார்த்து, இரண்டு வார்த்தை பேசி, ஒரு குழுவாகச் சேர்வார்கள். அன்று சேர்ந்தவர்கள் வாழ்ந்தாலும் செத்தாலும் ஒன்றாகத்தான்.

எதிரியைப் பார்க்காமலே

அவர்களில் பலர் எதிரியின் முகத்தையே பார்க்கவில்லை. பயிற்சிக்குக் கொடுத்தவை சண்டையில் ஓடித் தேய்ந்த பழைய விமானங்கள். ஓட்டுகிறவர்களோ புதியவர்கள். பனியில் குன்றின்மேல் மோதினார்கள். என்ஜின் நின்று விழுந்தார்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் 55,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் 8,000 பேருக்கு மேல் பயிற்சியிலும் விபத்திலும் போனவர்கள். ஃப்ராட்லி கிராமத்து மாதா கோவில் தோட்டத்தில் லிச்ஃபீல்டு நிலையத்து வாலிபர்களின் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன.

இது சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய துயரம் அல்ல. பட்டாசு தீபாவளிக்கு வெடிக்கும். ஆனால் ஆபத்து அதற்கு வெகுநாள் முன்பே, மருந்து கலக்கும் அறையில் இருக்கிறது. தொழில் பழகாத கையைத்தான் அது முதலில் தேடுகிறது. பழக்காமல் ஆளை வேலைக்கு விடுவதும், பழுதான சாமானைக் கொடுத்துப் பழகச் சொல்வதும் ஒரே குற்றம்தான்.

விருதுநகர் சொன்ன பதில்

சென்னை மாகாணத்தில் யுத்த நிதி திரட்டியவர் கவர்னர் சர் ஆர்தர் ஹோப். அப்போது தமிழ்நாடு காங்கிரசின் தலைவர் விருதுநகர் காமராஜ். அவர் ஊர் ஊராகப் போனார். யுத்த நிதிக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று ஜனங்களிடம் சொன்னார்.

காமராஜின் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. 1939 செப்டம்பர் 3-ந் தேதி, இந்தியாவும் போரில் இருக்கிறது என்று வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். இந்திய மக்களின் பிரதிநிதிகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக் கண்டித்து அக்டோபரில் ராஜாஜியின் மந்திரிசபை ராஜினாமா செய்தது. ஆஸ்திரேலியாவில் ஜனங்கள் ஓட்டுப்போட்டு அமைத்த சர்க்கார் இருந்தது. அங்கே விமானத்தில் ஏறிய வாலிபர்கள் தாங்களாக மனுப்போட்டுச் சேர்ந்தவர்கள். இந்தியாவிலோ, போருக்குச் சம்மதமா என்று கேட்காதவர்கள் போருக்குப் பணம் கேட்டார்கள்.

1940 அக்டோபரில் காந்திஜி தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். சத்தியாக்கிரகிகளின் பட்டியலோடு காமராஜ் வார்தாவுக்குப் புறப்பட்டார். டிசம்பரில், வழியில் குண்டூரில் கைதானார். வேலூர் ஜெயிலில் அடைத்தார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே விருதுநகர் மக்கள் அவரை நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1941 நவம்பரில் விடுதலையாகி வந்த அவர், அதைவிடப் பெரிய வேலை இருக்கிறது என்று அந்தப் பதவியை விட்டுவிட்டார்.

யாருக்கு மரியாதை?

ஹிட்லரை எதிர்த்தது தவறா என்று சிலர் கேட்கலாம். தவறல்ல. ஹிட்லர் வென்றிருந்தால் உலகம் இருண்டிருக்கும். அந்த இருளைத் தடுக்க ஹியூசும் அவருடைய தோழர்களும் உயிரைக் கொடுத்தார்கள். இந்தியாவிலிருந்தும் 1940-ல் 24 விமானிகள் இங்கிலாந்துக்குச் சென்றார்கள். அவர்களில் ஒருவரான மகிந்தர் சிங் புஜ்ஜி தலைப்பாகையோடு விமானம் ஓட்டினார். 2014-ல் கிரேவ்சென்ட் நகரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதே போரில் ஜெர்மனியின் பெண்டு பிள்ளைகளும் குண்டுக்கு இரையானார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆனால் நல்ல காரியத்துக்கும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சம்மதித்துக் கொடுத்தால் அது நன்கொடை. அதிகாரத்துக்குப் பயந்து கொடுத்தால் அது தண்டம். ஊர்த் திருவிழா வசூலுக்கும் இந்த நியாயம் பொருந்தும். கட்சி வசூலுக்கும் பொருந்தும். சர்க்கார் வசூலுக்கும் பொருந்தும்.

விருதுநகரில் காமராஜ் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும் பெற்றோர் உண்டு. பள்ளிக்கூடம் திறந்ததையும் மதிய உணவு போட்டதையும் எல்லோரும் சொல்வார்கள். அவர் 1940-ல் ஏன் ஜெயிலுக்குப் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். அப்படியே, நம் மாகாணத்தின் பெயர் பெற்ற படையில் பறந்து, 22 வயதில் முடிந்துபோன அந்தக் கூமா ஊர்ப் பிள்ளையைப் பற்றியும் சொல்லலாம்.

ஒருவர் தாமாக விரும்பி உயிரைக் கொடுத்தார். இன்னொருவர், ஜனங்களைக் கேட்காமல் வாங்குவதைத் தடுக்கச் சிறை சென்றார். இரண்டு பேரையும் மதிக்கக் கற்ற பிள்ளை, நாளைக்கு யாரையும் கேட்காமல் எதையும் எடுக்காது.