இரண்டு கதவு வண்டி

மோட்டார் வாங்குவது பற்றி என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் இரண்டு ரகம். வாங்கலாமா, வேண்டாமா என்று கேட்பவர்கள் ஒரு ரகம். வாங்குவதென்று முடிவு செய்துவிட்டு, "பேஷ்! உடனே வாங்கு" என்று என் வாயால் கேட்க வேண்டுமென்பதற்காக வருகிறவர்கள் இன்னொரு ரகம். என் மருமகப்பிள்ளை இந்த இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தவன்.

என் தங்கையைத் திருச்சுழியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் புருஷருக்கு அங்கே எட்டு ஏக்கர் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. மழை பெய்த வருஷம் பருத்தியும் மிளகாயும் சோளமும் வரும். பெய்யாத வருஷம் கடன்காரர் வருவார். அந்தக் காட்டு வருமானத்தில் படித்துத் தேறி, இப்போது கோயம்புத்தூரில் உத்தியோகம் பார்க்கிறான் பையன். வயது 26. நான்கு வருஷமாக வீண் செலவு செய்யாமல் ஆறு லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். அந்த மட்டில் அவனை நான் மனமாரப் பாராட்ட வேண்டியதுதான்.

சென்ற புரட்டாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டைக்கு என் வீட்டுக்கு வந்தான். காப்பி சாப்பிடுவதற்கு முன்பே கைபேசியை நீட்டினான். அதில் ஒரு வண்டியின் படம். செக்கச் செவேலென்ற நிறம். தரையோடு ஒட்டினாற் போன்ற உருவம். பக்கத்துக்கு ஒரே ஒரு கதவு. மேல்நாட்டில் பிறந்து, டில்லியில் வளர்ந்து, பதினோராவது வயதில் மதுரைக்கு வந்து விலைக்கு நின்ற டீசல் வண்டி.

"புதிதில் முப்பது லட்சத்துக்கு மேல் மாமா! இப்போது பதினோரு லட்சத்துக்குக் கொடுக்கிறார்கள்" என்றான்.

"உன்னிடம் ஆறுதானே இருக்கிறது?"

"மீதிக்கு அம்மா நகையைத் தருகிறேன் என்றிருக்கிறாள். அப்பாவை மாதந்தோறும் மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறதல்லவா? பஸ்ஸில் ஏறி இறங்க அவருக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. வீட்டுக்கு ஒரு வண்டி அவசியம் மாமா."

ஆசைக்கு நியாயம் கற்பிப்பதில் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். நாமும் அப்படித்தான் இருந்தோம்.

* * *

இந்த ஜாதி வண்டிக்குக் 'கூபே' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் 'வெட்டப்பட்டது' என்று அர்த்தமாம். குதிரை வண்டிக் காலத்தில், எதிரும் புதிருமாக இரண்டு ஆசனங்கள் இருந்த பெட்டியில் ஒன்றை வெட்டிவிட்டு, இருவர் மாத்திரம் உட்காரும்படி செய்தார்கள். அப்போது ஏற்பட்ட பெயர் அது. வெட்டப்பட்டது ஆசனம் மட்டுமல்ல. அந்த ஆசனத்தில் உட்கார்ந்திருக்கக்கூடிய பாட்டி, அத்தை, பலாப்பழம் ஆகியவையுந்தான்.

நம் சென்னையிலேயே ஒரு காலத்தில் இரண்டு கதவு வண்டி செய்தார்கள் என்பது இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. இத்தாலிய சிற்பி மிக்கெலோட்டி வரைந்த உருவத்தில் 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஹெரால்டு என்னும் வண்டியை, 1961 முதல் வண்டலூருக்கு அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் தயாரித்தார்கள். என் சிறு வயதில் எங்கள் ஊர் வைத்தியர் ஒருவர் அதை வைத்திருந்தார். எஞ்சின் மூடியைத் திறந்தால், மூக்கு, விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து முதலை வாய் போல முன்பக்கமாக எழும்பும். நெசவாளர் தெருவில், மற்ற வண்டிகள் மூன்று முறை முன்னும் பின்னும் போய்த் திரும்பும் இடத்தில், அது ஒரே மூச்சில் திரும்பிவிடும். பள்ளிக்கூடம் போகிறதை மறந்து நாங்கள் வேடிக்கை பார்த்திருக்கிறோம்.

ஆனால் பின்னால் நடந்ததைக் கேளுங்கள். அம்பாஸடருக்கும் பியட்டுக்கும் நான்கு கதவுகள் இருந்தன. நம்முடைய குடும்பஸ்தர்கள் ஹெரால்டைச் சுற்றிச் சுற்றி வந்து ரசித்தார்கள். பிறகு நான்கு கதவு வண்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கம்பெனியார் பார்த்தார்கள். இங்கிலாந்தில் இல்லவே இல்லாத நான்கு கதவு ஹெரால்டு ஒன்றை, 1960-களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கென்றே செய்து விற்றார்கள்.

அந்தக் கதை இன்னும் முடியவில்லை. 2024-இல் டாட்டாவின் கர்வ் என்ற வண்டியும், நம் திருவள்ளூரில் தயாராகும் சிட்ரன் பஸால்ட் என்ற வண்டியும் 'கூபே' என்னும் பட்டத்துடன் கடைக்கு வந்தன. இரண்டுக்கும் பக்கத்துக்கு இரண்டு கதவுகள்! அறுபது வருஷம் கழித்தும் நம் வீட்டார் கூபேயின் பெயரை ஒப்புக்கொண்டார்களே தவிர, கதவைக் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. காரணம் எளிது. நம் வீட்டுக்கு முதன்முதலாக வருகிற மோட்டார் ஒருவருடைய வண்டி அல்ல. பணம் கொடுத்தவன் ஒருவன். ஏறிப் போகிறவர்கள் குடும்பம் முழுதும்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். "வண்டியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் மாமா" என்றான்.

* * *

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரகர் தாமே அதை ஓட்டிக்கொண்டு மதுரையிலிருந்து வந்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும்: வண்டி அழகாகத்தான் இருந்தது. தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். எனக்கே ஒரு முறை கையால் தடவிப் பார்க்கத் தோன்றிற்று.

பையனும் ஏமாளி அல்ல, படித்துவிட்டு வந்திருந்தான். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் நான்கு இலக்கத்தைக் காட்டினான். 3521 என்றால் 2021-ஆம் வருஷத்தின் 35-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். ஆசனத்தின் வார்ப்பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைத் துடைத்து விற்றவர்கள் உண்டு. எவ்வளவு துடைத்தாலும் பட்டையின் அடிநுனியிலும் விரிப்புக்குக் கீழேயும் சேறு காட்டிக்கொடுத்துவிடுமாம். இதில் சேறு இல்லை. ஓட்டி வந்த வண்டியைச் சோதிப்பதில் பிரயோஜனமில்லை என்று, இரண்டு மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு எஞ்சினை எழுப்பினான். முதல் திருப்பிலேயே உறுமிற்று. கரும்புகை இல்லை. பையன் என்னை ஜயித்துவிட்டவன் போல் பார்த்தான்.

திருச்சுழிக்குப் புறப்பட்டோம். சுமார் 15 கிலோமீட்டர். இருபுறமும் மழைக்கு முன் உழுது போட்ட கரிசல். அதற்கப்பால் சீமைக் கருவேல். எங்கோ கரிமூட்டப் புகை. கரிசல் மண்ணின் குணம் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். நீர் குடித்தால் உப்பும். வெயிலில் சுருங்கி, கை நுழையும்படி வெடிக்கும். மேலே போட்ட ரோடும் கூடவே உப்பிச் சுருங்கி அலை அலையாகிவிடும். மாட்டு வண்டிக்கும் பஸ்ஸுக்கும் அது தாலாட்டு. தரையிலிருந்து அடிவயிறு வரை ஒரு ஜாண்கூட இல்லாத வண்டிக்கு?

அத்துடன் வேகத்தடைகள். இந்திய சாலைகள் காங்கிரஸ் என்று ஒரு சபை உண்டு. கதர் கட்டிய காங்கிரஸ் அல்ல. 1934-இல் ஏற்பட்ட எஞ்சினியர்களின் காங்கிரஸ். வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டுமென்று அது விதித்திருக்கிறது. ஆனால் நம் கிராமங்களில் அளவு வகுப்பது அந்தச் சபை அல்ல, ரோட்டோரத்து வீட்டுக்காரர். வழியில் ஒரு மேட்டில் 'கர்ர்' என்று அடியில் ஒரு சப்தம் கேட்டது. இரண்டாவது மேட்டில் எங்களை இறங்கச் சொல்லி, வண்டியைக் குறுக்காகத் திருப்பி, குழந்தையைத் தொட்டிலில் விடுகிறாற்போல் இறக்கினான் பையன்.

"மழைக்காலத்தில்?" என்று கேட்டேன். பதில் இல்லை.

* * *

வீட்டு வாசலில் தங்கை ஆரத்தித் தட்டுடன் நின்றாள். "ஒரு சுற்றுப் போய்க் கோயில் வரைக்கும் வருவோம்" என்று எல்லோருக்கும் ஆசை. என் மாப்பிள்ளையை முன்னால் உட்காரச் சொன்னேன்.

"அது மச்சானுக்கு. விருந்தாளியைப் பின்னால் உட்கார வைப்பதா?" என்று அவர் மறுத்துவிட்டார். முன் ஆசனத்தை மடித்துச் சாய்த்து, குனிந்து, பக்கவாட்டில் நுழைந்து, பின்னால் போய் விழுந்தார் என்றே சொல்ல வேண்டும். "ஆகாய விமானம் மாதிரி இருக்கிறதே!" என்று சிரித்தார். திருமேனிநாதர் கோயிலைச் சுற்றி, குண்டாற்றுப் பக்கமாகப் போய்த் திரும்பி வந்தோம்.

வீட்டு வாசலில் எல்லோரும் இறங்கிவிட்டோம். அவரால் மட்டும் இறங்க முடியவில்லை. ஒரு முறை எழுந்தார், தலை இடித்தது. மறுமுறை முழங்காலை ஊன்றினார், முகம் வெளுத்தது. கடைசியில் பையன் உள்ளே குனிந்து, தகப்பனாரின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, பருத்தி மூட்டையைத் தூக்குவது போல் தூக்கி வெளியே நிறுத்தினான்.

"கால் மரத்துப் போயிற்று. வண்டிமேல் குற்றம் சொல்லக்கூடாது" என்றார் அவர். "நல்ல வண்டி. வாங்கு, தம்பி."

தங்கை ஒன்றும் பேசாமல் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையனும் பேசவில்லை. என்னைத் தனியே அழைத்து, "மாமா, புத்தகத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டான்.

* * *

தரகர் புத்தகத்தை எடுத்தார். டில்லிக்காரர் ஒருவர் பேரில் இருந்தது. அவருக்குப் பின் இரண்டு பேர் கை மாறியிருக்கிறது. ஒருவர் பேரிலும் மாற்றவில்லை. 29, 30 என்னும் எண்ணுள்ள பாரங்களில் முதல் சொந்தக்காரர் கையெழுத்து மட்டும் இருந்தது. மற்ற இடமெல்லாம் வெறுமை. "யார் பேரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் சார்" என்றார் தரகர், அதை ஒரு சௌகரியமாக.

இப்படிப்பட்ட வண்டிகள் தெற்கே வருவதற்குக் காரணம் உண்டு. பத்து வருஷமான டீசல் வண்டி டில்லியில் ஓடக்கூடாதென்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அதனால் அங்கே விலை சரிந்தவை இங்கே வந்து சேர்கின்றன. வருவதில் தப்பில்லை, முறைப்படி வர வேண்டும். பதிவு செய்த ஊர் அதிகாரியிடமிருந்து ஆட்சேபணையில்லை என்ற சான்று வேண்டும். வண்டியின் முதல் விலையையும் வயதையும் பார்த்து நம் மாநிலத்தில் ஆயுள் வரி கட்ட வேண்டும். புது எண் வாங்க வேண்டும். வண்டிமேல் கடன் இருந்தால், அது தீர்ந்ததென்று கொடுத்தவர் எழுதித் தர வேண்டும். வியாபாரியோ, 2023 ஏப்ரல் முதல் போக்குவரத்து அதிகாரியின் அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும். இதில் ஒன்றுகூட அந்த உறையில் இல்லை.

இதெல்லாம் வெறும் காகிதந்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2009-இல் வட இந்தியாவில் ஒரு மோட்டார் மோதி ஒரு சிறுவன் இறந்துபோனான். அந்த வண்டி அதற்குள் பல கை மாறியிருந்தது. புத்தகத்தில் மட்டும் முதலில் விற்றவர் பேரே இருந்தது. 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு, புத்தகத்தில் யார் பேர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஆகவே, விற்பவர்கள் 14 நாளைக்குள்ளும், வாங்குபவர்கள் 30 நாளைக்குள்ளும் பெயர் மாற்றத்துக்கு எழுதிவிட வேண்டுமென்ற சட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள். இன்ஷூரன்ஸையும் 14 நாளைக்குள் உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், உங்கள் வண்டிக்கே சேதம் வந்தால் கம்பெனி கையை விரித்துவிடும்.

பையன் உறையைத் தரகரிடம் திருப்பிக் கொடுத்தான். பிறகு திண்ணையில் உட்கார்ந்திருந்த தகப்பனாரிடம் போய், "காகிதம் சரியில்லை அப்பா. வேண்டாம்" என்றான்.

"அப்படியா? அடடா! நல்ல வண்டி. காகிதம் மட்டும் சரியாக இருந்திருந்தால்..." என்றார் அவர்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சிவப்பு வண்டி தெருமுனை திரும்பும் வரை பையன் வாசலில் நின்றான்.

* * *

தை மாதம் ஒரு வண்டி வாங்கினான். விருதுநகரில் ஒரே ஒருவர் கையில் இருந்த, ஐந்து வயதான சிறிய பெட்ரோல் வண்டி. விலை நாலரை லட்சம். பணத்தைக் கொடுத்த வாரத்திலேயே புத்தகத்தை மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டான். தங்கையின் நகை பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. நிறம் மட்டும் சிவப்பு. அதில் அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

போன வாரம் என்னையும் மதுரைக்கு அழைத்துப் போனார்கள். என் மாப்பிள்ளை இப்போதும் முன் ஆசனத்தை எனக்குத்தான் கொடுக்கிறார். நான் உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பதற்குள், பின் கதவைத் தாமே திறந்து, ஏறி உட்கார்ந்து, தாமே சாத்திக்கொண்டுவிட்டார்.