கோபுரச் சின்னமும் கல்லறைச் சுவரும்

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் அரசாங்கச் சின்னத்தில் விளங்குவதைக் கிறிஸ்தவனாகிய யான் குறையாகக் கருதுகிலேன்; அஃது எம்மூர்ப் பெருமையன்றோ! என் வருத்தம், அச்சின்னந் தாங்கிய சாதிச் சான்றிதழைப் பற்றியது. ஆதிதிராவிடர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றவுடன், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அவரைப் பட்டியலினின்று நீக்கிவிடுகின்றது. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் அத்தடை விலகிற்று, கிறிஸ்தவருக்கு விலகவில்லை.

சென்னையிற் செருப்புத் தைத்துவந்த சூசை என்பார் தொடுத்த வழக்கில், 1985-இல் உச்சநீதிமன்றம் கூறியதென்னை? மதம் மாறிய பின்னரும் அக்கொடுமை அவ்வளவாகவே தொடர்கின்றதென்பதற்குப் போதிய சான்றில்லை என்பதே. சான்றுக்கோ குறைவு? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திற் பிணங்களையுஞ் சாதிவாரியாகப் பிரித்தெழுந்த சுவரை நாடறியும். சபையிற் சாதியில்லையெனப் பிரசங்கித்துக்கொண்டே நியாயஸ்தலத்தில் உண்டென வழக்காடுகின்றோம். ஆணை திருந்தவேண்டுவதே. அதற்குமுன், அச்சுவரைக் குறித்து நம் சபையார் கையெழுத்திட்டுச் சாட்சி பகரட்டும்.