கரிக்கட்டை கண்ணை உறுத்துகிறதாம்

எரிந்த காட்டில் நடந்துவிட்டு வந்து, எல்லாம் செத்துக் கிடக்கிறது என்று ஒப்பாரி வைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. நடந்தார்கள், பார்க்கவில்லை.

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். 1988-ஆம் வருஷக் கோடையில் அங்கே மூண்ட தீ, பூங்காவில் 36 சதவீதத்தைத் தொட்டது. ஆயிரக்கணக்கான ஆட்களும் சுமார் 12 கோடி டாலரும் சாதிக்காததை, செப்டம்பர் 11-ஆம் தேதி விழுந்த பனி சாதித்தது. இயற்கையாகப் பற்றும் தீயை 1972 முதல் எரியவிட்டு வந்த பூங்கா நிர்வாகத்துக்குக் கிடைத்த வசவு கொஞ்சமல்ல. காடே போய்விட்டது என்று தீர்ப்பும் எழுதியாயிற்று.

காடு அந்தத் தீர்ப்பைப் படிக்கவில்லை. அங்கே மிகுதியாக இருப்பது லாட்ஜ்போல் பைன் மரம். அதன் காய்களில் ஒரு பகுதி, அரக்கு முத்திரையிட்ட உயில் போலப் பிசினால் இறுகி, வருஷக்கணக்கில் கிளையிலேயே கிடக்கும். தீயின் சூட்டில்தான் பிசின் இளகும், காய் விரியும், விதை சாம்பலில் உதிரும். அடுத்த சில வருஷங்களில் கன்றுகள் நெருக்கியடித்துக்கொண்டு முளைத்தன. யாரும் நடவில்லை.

குளிர்காலத்தில், கால் புதையாமலிருக்க முறம்போல் அகன்ற பனிச்செருப்பைக் கட்டிக்கொண்டு இத்தகைய காட்டுப் பாதைகளில் போகிறவர்கள் உண்டு. தீக்குப் பிந்திய முதல் சில வருஷங்களில், வெண்பனியில் கறுத்த மரங்கள் நிற்பது பார்வைக்கு மயானம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மயானத்தில் 'டொக் டொக்' என்று ஓசை கேட்டால் கொஞ்சம் நில்லுங்கள், ஐயா! பட்டைக்கடியில் நெளியும் வண்டுப் புழுவுக்காக, கறுத்த முதுகுடைய ஒரு மரங்கொத்தி எரிந்த காட்டைத் தேடியே வருகிறது. எரிந்ததை வெட்டி விற்றுவிட்டு வரிசையாக நாற்று நடலாம் என்று தீக்குப் பின்னால் கிளம்புகிற யோசனை, அதன் சோற்றில்தான் மண்ணைப் போடுகிறது. பாதைமேல் சாயக்கூடிய பட்ட மரத்தை வெட்டட்டும். காற்றடித்தால் அது ஆளைக் கொல்லும். முழுக் காட்டையும் மொட்டையடிக்க அது ஒரு சாக்கா?

அழவேண்டிய இடம் வேறே இருக்கிறது. இந்தக் காட்டில் ஒரு பெருந்தீக்கும் அடுத்ததற்கும் நடுவே 100 முதல் 300 வருஷம் இடைவெளி இருப்பது வழக்கம். 2016-இல், 1988-க்குப் பின் முளைத்த இளமரங்களே எரிந்தன. முப்பது வயதுகூட ஆகவில்லை. காய் சேர்த்து வைக்க அவகாசம் ஏது? அங்கே கன்றுகள் பழைய அடர்த்தியில் முளைக்கவில்லை. பூமி சூடேறிக் கோடை வறள வறள, இது இன்னும் அடிக்கடி நடக்கும். கரிக்கட்டைக்குக் கண்ணீர் விட்ட கனவான்கள் இதைப்பற்றி மட்டும் வாய் திறக்கக் காணோம்.