பயிலரங்கில் தமிழ்; கோப்பில் எங்கே?

ஆட்சிமொழிப் பயிலரங்கம் என்ற பெயரில் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் அரசுப் பணியாளரைக் கூட்டிப் பயிற்றுகின்றது. குறிப்பும் வரைவும் தமிழில் எழுதும் முறை, ஆட்சிச் சொற்கள், பிழைநீக்கம் ஆகியவை அங்குக் கற்பிக்கப்பெறுகின்றன. பணிக்கிடையே இக் கட்டாயம் எதற்கென்று முணுமுணுப்பாரும் உளர். கட்டாயம் வேண்டும் என்பதே நம் விடை. அஃது ஒன்றே போதும் என்பாரோடு மட்டும் நாம் உடன்படுவதற்கில்லை.

பதுமநாபபுரத்திலிருந்து எழுதும் நமக்கு இது வெறும் அலுவலகச் செய்தியன்று. திருவிதாங்கூரின் பழைய தலைநகராகிய இவ்வூரில், தமிழன் தன் நிலத்துக்குரிய ஆவணத்தைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்டறிந்த காலம் ஒன்றிருந்தது. அந்நிலை மாறவேண்டுமென்று எழுந்த போராட்டத்தில், 1954 ஆகசுட்டு 11-ஆம் நாள், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் சுட்டு உயிர்கள் சாய்ந்தன. 1956 நவம்பர் முதல் நாள் கல்குளம் உள்ளிட்ட நான்கு வட்டங்களும் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டமும் அவ்வாண்டினதே.

சட்டம் வந்ததும் எழுதுகோல் தானே திரும்பிவிடாது. சொல் தெரியாத எழுத்தர் பழகிய ஆங்கிலத்துக்கே ஓடுவார். 1957-இல் ஆட்சிச் சொல்லகராதி வெளிவந்ததும், பயிலரங்குகள் நடப்பதும் அந்த ஓட்டத்தைத் தடுக்கவே. தமிழ் படியாது பணியேற்றோர் ஈராண்டுக்குள் தமிழ்த் தேர்வில் தேறவேண்டும் என்பதும், 2021 திசம்பரில் வந்த அரசாணை பணித்தேர்வுகளில் தமிழ்த்தாளைக் கட்டாயமாக்கி நூற்றுக்கு 40 மதிப்பெண் கேட்பதும் அதன்பொருட்டே. 'எனக்குத் தெரியாது' என்னும் சாக்கை இவை பறிக்கின்றன. கட்டாயத்தின் பயன் அது.

அதன் எல்லை எது? அண்மையில் முதியவர் ஒருவர் அரசு அலுவலகம் ஒன்றினின்று வந்த மடலோடு என் திண்ணைக்கு வந்தார். முழுதும் ஆங்கிலம். அவர் நிலத்தின் எல்லையை அளக்கக் குறித்த நாள் முந்தின நாளே கழிந்திருந்தது. மடல் விடுத்த எழுத்தரைக் கண்டு வினவினேன். அவர் பயிலரங்கச் சான்றிதழ் பெற்றவர். நல்ல தமிழ் எழுத வல்லவர். "தமிழில் எழுதிவைத்தால் மேலிடத்தில் திருப்பிவிடுகிறார்கள் ஐயா" என்றார்.

நோய் எங்குள்ளதென்று கண்டீர்களா? பயிற்சி கீழிருப்பவர்க்கு, தடையோ மேலிருப்பவரிடம்! அறியாமையைப் பயிற்சி போக்கும். அச்சத்தையும் அசட்டையையும் அது போக்காது. கட்டாயம் உடலை இருக்கையில் அமர்த்தும், உள்ளத்தை அமர்த்தாது.

எனவே, பயிலரங்கின் முதல் வரிசையில் அலுவலகத் தலைவர்கள் அமரட்டும். அவரவர் அலுவலகக் கோப்புகளையே எடுத்துவைத்துப் பயிற்றுக. வருகைப் பதிவை எண்ணி நிறைவடையாமல், ஆறு திங்கள் கழித்துத் தமிழில் எழுந்த கோப்புகளை எண்ணுக. அந்த எண்ணிக்கையை அலுவலக வாயிலில் எழுதி வைக்க.

அன்பர்களே, நமக்கும் கடமை உண்டு. புரியாத மடல் வந்தால் வாளா இராமல், தமிழில் தருக என்று எழுதிக் கேளுங்கள். மக்கள் கேட்கும் கேள்வியே, எந்தப் பயிலரங்கும் தரவியலாத பயிற்சி.