பெயருக்கு முன்னால் ஒரு வீடு

சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். வாப்பாவின் பிறப்புச் சான்றிதழும் என்னுடையதும் மேசையில் அருகருகே கிடந்தன. வாப்பாவின் பெயருக்கு முன்னால் ‘வெதராலலாகே கெதர’ என்று இரண்டு சொற்கள் இருந்தன. என்னுடையதில் அவை இல்லை. வேறு யாருடைய சான்றிதழோ மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

வாப்பா சிரித்தார். “நீளமான பேரு மகள். போம்ல எழுத எடம் பத்தாது. ஒங்களப் பதியக்குள்ள அத உட்டுட்டன்” என்றார்.

வாப்பும்மா சிரிக்கவில்லை. “அது நீளமான பேரில்ல, எங்கட ஊடு” என்றார்.

அன்றிலிருந்து அந்த இரண்டு சொற்களைப் பற்றி யோசித்து வருகிறேன். அக்குறணையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பல குடும்பங்கள் இப்படிப்பட்ட கெதரப் பெயர்களைச் சத்தமில்லாமல் கைவிட்டு வருகின்றன. இது நல்லதல்ல என்பதே என் கருத்து.

முதலில் அதன் பொருளைப் பார்ப்போம். சிங்களத்தில் ‘கெதர’ என்றால் வீடு. ‘வெதரால’ என்றால் நாட்டு வைத்தியர். ‘லாகே’ என்பது மரியாதையோடு உரிமையைக் காட்டும் விகுதி. ஆகவே, எங்கள் பெயரின் பொருள் ‘வைத்தியர் வீட்டார்’ என்பதாகும். கண்டி இராச்சியத்தில் ஒரு குடும்பத்துக்கு மன்னர் காணி கொடுத்தால், அதற்குப் பதிலாக அக்குடும்பம் ஒரு சேவை செய்ய வேண்டும். இதையே இராஜகாரியம் என்றார்கள். எந்த வீடு, என்ன சேவை, என்ன பதவி என்பதையெல்லாம் வீட்டுப் பெயரே சொல்லிவிடும். முஹந்திரம்லாகே, ஆரச்சிலாகே என்பனவெல்லாம் இப்படிப் பதவிகளிலிருந்து பிறந்தவைதான்.

இந்த முறைக்குள் முஸ்லிம்கள் எப்படி வந்தார்கள்? 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று வரலாறு கூறுகிறது. மலைநாட்டிலும் முஸ்லிம்கள் குடியேறினார்கள். அவனது மகன் இரண்டாம் இராஜசிங்கன் (1635 – 1687) காலத்தில் வந்த மூன்று அரபிகள் கண்டிப் பெண்களை மணந்து இங்கு தங்கியதாலேயே அக்குறணை முஸ்லிம் ஊரானது என்று எங்கள் ஊரில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

குடியேறியவர்கள் சும்மா இருக்கவில்லை. தவளம் எனப்படும் பொதி மாடுகளில் கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின. மலையிலிருந்து பாக்கு கீழிறங்கியது. இந்தப் போக்குவரத்தைக் கவனித்த அரச பிரிவுக்கு ‘மடிகே பத்த’ என்று பெயர். அதில் முஸ்லிம்கள் முக்கிய பங்கு வகித்தனர். கலகெதரைக்கு அருகிலுள்ள மடிகே என்ற முஸ்லிம் கிராமத்தின் பெயரில் அந்தத் தொழில் இன்றும் வாழ்கிறது. சப்ரகமுவையில் கெட்டபேரியாவைச் சேர்ந்த கோபால என்ற முஸ்லிம் வைத்தியக் குடும்பத்தினர் கண்டி மன்னர்களின் அரண்மனை வைத்தியர்களாக விளங்கினர்.

இது நமக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. இத்தாலியில் புளோரன்ஸ் நகரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தினர் வங்கியாளர்கள். ஆனால் ‘மெடிச்சி’ என்ற சொல்லின் பொருள் ‘வைத்தியர்கள்’. அதாவது அவர்களும் ஒருவகையில் வெதராலலாகே கெதரதான்! காருக்குப் பெயரான ‘ஃபெராரி’ கொல்லர் தொழிலிலிருந்து வந்தது. ‘ரொஸ்ஸி’ என்பது செந்நிற முடியைக் குறித்த பெயர். ‘எஸ்பொசிட்டோ’ என்ற பெயரின் கதை மனதை வருத்தும். நேப்பிள்ஸ் நகரில் பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. ‘வெளியே விடப்பட்டவர்’ என்பதே அதன் பொருள். அந்த வலியான பெயரைக்கூட அவர்களின் பரம்பரையினர் அழித்துவிடவில்லை. இன்று அது இத்தாலியில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று. நாமோ வைத்தியரின் பெயரையே விட்டுவிடுகிறோம்.

கெதரப் பெயர் வேண்டாம் என்பவர்கள் மூன்று காரணங்கள் சொல்கிறார்கள்.

முதலாவது, நீளம். இது உண்மைதான். படிவங்களின் சிறு கட்டங்களில் எங்கள் பெயர்கள் அடங்குவதில்லை. ஆனால் அன்றாடப் பாவனைக்கு முதலெழுத்துகள் இருக்கின்றனவே. எங்கள் ஊர் தந்த முன்னாள் வெளிநாட்டு அமைச்சரை எல்லோரும் ஏ.சி.எஸ். ஹமீத் என்றே அழைத்தார்கள். அந்த எழுத்துகளை விரித்தால் அப்துல் காதர் சாஹுல் ஹமீத். அப்துல் காதர் என்பது பக்தாதையும், சாஹுல் ஹமீத் என்பது நாகூரையும் நினைவூட்டும் பெயர்கள். சுருக்கினாலும் பொருள் அழிவதில்லை. அழித்துவிட்டால் பிறகு விரிப்பதற்கு எதுவும் இருக்காது.

இரண்டாவது காரணத்தை என் தோழி ஒருத்தி சொன்னாள். “அது சிங்களப் பேருதானே, எங்களுக்கு எதுக்கு?” என்று கேட்டாள். நாம் வீட்டில் தமிழ் பேசுகிறோம், அரபியில் தொழுகிறோம், கண்டிக் கடைத்தெருவில் சிங்களத்தில் விலை பேசுகிறோம். இதனால் நம் ஈமான் குறைந்துவிட்டதா? நபித்தோழர்களில் ஸல்மான் பாரிஸீ, பிலால் ஹபஷீ, ஸுஹைப் ரூமி என்போர் இருந்தார்கள். பாரசீகம், அபிசீனியா, உரோமர் தேசம் என்று அவர்களோடு தொடர்புடைய நாடுகள் பெயர்களோடு ஒட்டியே இருந்தன. இஸ்லாம் அவற்றை உரித்தெடுக்கவில்லை.

மூன்றாவது காரணம்தான் கனமானது. கெதரப் பெயர் பெருமைக்கும் இழிவுக்கும் கருவியாகிவிடும் என்கிறார்கள். கல்யாணப் பேச்சுகளில் பெரியவர்கள் “எந்தக் கெதர?” என்று கேட்டு ஆளை அளப்பதை நானும் கேட்டிருக்கிறேன். வைத்தியர் வீடு உயர்ந்தது, மாடு ஓட்டியவர் வீடு தாழ்ந்தது என்ற எண்ணம் மார்க்கத்துக்கு முற்றிலும் முரணானது. ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே மனிதர்கள் பல கூட்டத்தினராகவும் கோத்திரத்தினராகவும் ஆக்கப்பட்டார்கள் என்பது ஸூரத்துல் ஹுஜுராத் தரும் பாடம். அறிவது வேறு, அளப்பது வேறு. தவளம் ஓட்டியவர் உப்பைக் கொண்டு வந்திராவிட்டால் அரண்மனைச் சமையலும் சப்பென்றுதான் இருந்திருக்கும். மறைக்க வேண்டியது பெயரையல்ல. கைவிட வேண்டியது பெருமையை.

இனி நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். 2018 மார்ச்சில் திகனையில் தொடங்கிய வன்முறை அக்குறணைப் பக்கமும் வந்தது. கடைகள் எரிந்தன. அப்போது நான் சின்னப் பிள்ளை. எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு ஒரே அறையில் இருந்தது நினைவிருக்கிறது. முஸ்லிம்கள் இந்த மண்ணுக்கு வெளியாட்கள் என்ற பேச்சை அதன் பின்னர் பல தடவை கேட்டுவிட்டேன். அதற்கு நாம் கோபமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. கண்டி மன்னர் காலத்துச் சிங்கள மொழியில், இந்த மண்ணின் ஒரு வீட்டைச் சொல்லும் பெயர் நம் பிறப்புச் சான்றிதழிலேயே இருக்கிறது. அந்தச் சாட்சியை நம் கையாலேயே வெட்டிவிட்டு, பிறகு வரலாறு இல்லை என்று கவலைப்படலாமா?

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தியும் இருக்கிறது. வந்த அரபிகள் இங்குள்ள பெண்களை மணந்தார்கள் என்ற எங்கள் ஊர்க் கதை உண்மையானால், அந்த ‘கெதர’ முதலில் யாருடைய வீடாக இருந்திருக்கும்? கண்டிய வழக்கில் கணவன் மனைவியின் வீட்டில் போய் வாழும் ‘பின்ன’ திருமணமும் இருந்தது. நம் வீட்டுப் பெயர்களில் சில, பெயர் தெரியாத ஒரு தாயின் வீட்டைச் சொல்வனவாகவும் இருக்கலாம்.

சென்ற வாரம் எங்கள் சாச்சாவுக்கு ஒரு மகன் பிறந்தான். பிறப்பைப் பதிவதற்கு 42 நாட்கள் இருக்கின்றன. கெதரப் பெயரையும் சேர்த்துப் பதியுங்கள் என்று சாச்சாவிடம் கேட்டிருக்கிறேன். “பார்ப்பம் மகள்” என்றிருக்கிறார். வாப்பும்மா தினமும் நாட்களை எண்ணுகிறார்.

பெற்றோர்களே, உங்களிடமும் அதையேதான் கேட்கிறேன். பதிவில் சேர்க்க முடியாவிட்டால் ஒரு கொப்பியிலாவது எழுதி வையுங்கள். தோழிகளே, இன்றிரவு உங்கள் வாப்பும்மாவிடமோ உம்மும்மாவிடமோ “எங்கட ஊட்டுப் பேரு என்ன?” என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

— உயர்தரக் கலைப் பிரிவு மாணவி, அக்குறணை