கைக்காசு ஞாயிறு

எங்கள் ஆராதனையில் தூங்குகிறவர்கள் எப்போதும் பெண்கள்தான். பின்வரிசை வாங்குகளில், சுவரோரமாக, சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதல் பாட்டுக்கு எழுந்து நிற்பார்கள். வேதவாசிப்பு முடிவதற்குள் தலை சாய்ந்துவிடும். இதைப் பக்திக்குறைவு என்றுதான் நாங்கள் வருடக்கணக்காக எண்ணி வந்தோம். பிரசங்கத்தில் கண்டித்தோம். கெத்செமனே தோட்டத்தில் தூங்கிப்போன சீஷர்களை அவர்களுக்கு உதாரணம் காட்டினோம்.

நானும் செய்தேன். திருச்சபைச் செயலாளராக அறிவித்தல் வாசிக்கிற ஒரு நாளில், "பின்னால் இருக்கிற தாய்மார் இனிமேல் வீட்டிலேயே தூங்கிவிட்டு வரலாம்" என்றேன். சிலர் சிரித்தார்கள். அன்று தூங்கியவர்களில் ஒருவர் என் அம்மாவோடு ஒரே நிரையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். ஆராதனை முடியும்வரை அப்படியே இருந்தார். எழுபது வயதை நெருங்கிய அந்த முதுகு நிமிர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு சுடுகிறது.

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துச் சபைகளில் என்னைப்போல் முன்வரிசையில் உட்கார்கிறவர்களையும் சேர்த்துத்தான் இங்கே "நாங்கள்" என்று எழுதுகிறேன். போதகர்கள், மூப்பர்கள், செயலாளர்கள், ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்கள். எங்களில் பலர் லயத்துக் காம்பராவில் பிறந்தவர்கள். ஆகவே தெரியாமல் செய்தோம் என்று சொல்ல எங்களுக்கு வாயில்லை.

எங்களுக்குத் தெரியும். விடிய நாலு மணிக்கு அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் கட்டி வைத்துவிட்டு, தான் ஒரு வாய் சாயத்தண்ணியோடு வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டுக்களத்துக்கு ஓடுகிறவர் யார் என்று தெரியும். இடுப்பில் படங்கைக் கட்டி, அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்து, மழையிலும் பனியிலும் செங்குத்து மலையில் நின்று எடுத்த கொழுந்தை மடுவத்தில் நிறுக்கும்போது தண்ணீருக்கு என்றும் சாக்குக்கு என்றும் கிலோ கழிவதும் தெரியும். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அந்திக்கு வந்தால் பீலியில் வரிசை, விறகு, சமையல், பிள்ளையின் கொப்பி. கடைசியாகப் படுக்கிறவரும் முதலில் எழும்புகிறவரும் ஒரே ஆள்.

வாரத்தில் ஆறு நாள் இப்படிப் போனால் ஏழாம் நாள் என்ன? கொழுந்து கூடிய காலத்தில் ஞாயிற்றுக்கிழமை கைக்காசு. பேர் போடாமல் எடுத்த கிலோவுக்குக் காசு எண்ணிக் கொடுக்கிற வேலை. அடகுவைத்த தோடு, பாடசாலைச் சப்பாத்து, கடைக் கணக்கு எல்லாம் அந்தக் காசில்தான். கைக்காசு இல்லாத ஞாயிறு என்றால் வாரத்து உடுப்பு முழுவதும் பீலிக்கரையில் காத்திருக்கும். இவ்வளவுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஆண்டவரிடம் வருகிறார். உலர்ந்த இடம், யாரும் ஏவாத நேரம், உட்கார ஒரு வாங்கு. உடம்பு தூங்குகிறது.

அதைத்தான் நாங்கள் கண்டித்தோம்.

இளைப்பாறுதலைப் பற்றி நாங்கள் பேசாத வருடமே இல்லை. மாற்கு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரம் எங்களுக்கு மனப்பாடம். ஊழியத்துக்குப் போய்த் திரும்பிய சீஷர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லை. இயேசு அவர்களைத் தனியிடத்துக்கு வந்து கொஞ்சம் இளைப்பாறும்படி அழைக்கிறார். இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "அவசர வாழ்க்கையில் நாமும் ஒதுங்க வேண்டும்" என்று முடிப்பது எங்கள் வழக்கம். அதே அதிகாரத்தை மேலே வாசித்திருந்தால் எங்கள் குற்றம் அங்கேயே எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அவர்கள் போய்ச் சேருமுன்பே ஜனங்கள் கரைவழியாக ஓடிவந்து நிற்கிறார்கள். இயேசு மனமுருகுகிறார், போதிக்கிறார், பசியாற்றுகிறார். பிறகு சீஷர்களை முதலில் படகேற்றி அனுப்புகிறார். ஜனங்களை அனுப்பிவைக்கிற வேலையைத் தானே நின்று செய்கிறார். எல்லோரும் போனபிறகுதான் ஜெபிக்க மலைக்கு ஏறுகிறார். ஒதுங்குவதில் அவர் கடைசி ஆள். எங்கள் கூட்டங்களில் நடப்பதை எண்ணிப் பார்க்கிறேன். உபவாச ஜெபம் முடிந்து கஞ்சிக்கு முதலில் உட்காருவது நாங்கள். பாத்திரம் கழுவிவிட்டுக் கடைசி இருட்டில் லயத்துக்கு ஏறிப்போவது அவர்கள்.

இன்னும் கொஞ்சம் வாசிக்க வேண்டும். அன்றிரவு எதிர்காற்று. சீஷர்கள் தண்டு வலிக்க முடியாமல் வருந்துகிறார்கள். கரையில் தனித்திருந்த இயேசு அதைக் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். கண்டவர் அவர்களிடம் போகிறார். ஜெபத்துக்காக மலையேறியவரின் கண், இருட்டிலும் தூரத்திலும், உழைத்துச் சலிக்கிறவர்கள் மேல் இருந்தது. இந்த ஒரு வசனத்தின் மேல் ஒரு முழுப் பிரசங்கம் எங்கள் பக்கத்தில் நான் கேட்டதில்லை. நானும் செய்ததில்லை.

நாங்கள் இருப்பதே மலையில். நுவரெலியா நகரமே ஓய்வுக்காக உண்டானது. 1820களின் கடைசியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், கொழும்பு வெக்கையில் நோயுற்ற வெள்ளைக்காரர் உடம்பு தேறுவதற்கென்று இங்கே இடம் அமைத்தார். அவர் தனக்குக் கட்டிய வீடுதான் பிற்காலத்தில் கிராண்ட் ஹோட்டல் ஆனது. இன்றும் ஏப்ரல் மாதத்தில் நாடே இங்கே இளைப்பாற வருகிறது. சபைகளும் வருகின்றன. தியான முகாம்களுக்கு வாடகைக்கு எடுக்கிற பங்களாக்களில் நானும் பலமுறை தங்கியிருக்கிறேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் பனி, பச்சை மலை, வரிசையாகக் கூடைகள். "சிருஷ்டியின் அழகுக்காக ஸ்தோத்திரம்" என்று நாங்கள் ஜெபித்திருக்கிறோம். அந்தக் கூடைகளுக்கு அடியில் ஆட்கள் இருந்தார்கள். எங்கள் சொந்தச் சபையின் பின்வரிசைப் பெண்களும் இருந்திருப்பார்கள். மலையேறியும் கண்டவரைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, மலையிலிருந்து காணாமல் இருக்கப் பழகிவிட்டோம்.

இந்தப் பழக்கத்துக்கு வேர் உண்டு. 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது தோட்டங்களில் கோப்பிதான் இருந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டது 1867இல். மிஷனுக்குத் தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள். உபதேசியார்கள் துரையின் அனுமதியோடு பிரட்டுக்களத்துக்கும் லயத்து வாசலுக்கும் வந்தார்கள். எழுத்தறிவும் ஆறுதலும் தந்தார்கள். அதை நான் நன்றியில்லாமல் மறக்கமாட்டேன், என் தாத்தா கையெழுத்துப் போடக் கற்றது அப்படியொருவரிடம்தான். ஆனால் எங்கள் விசுவாசம் தோட்டத்துக்குள் விருந்தாளியாக வந்தது. வேலைநேரத்தைப் பற்றி, கிலோவைப் பற்றி, அரைப்பேரைப் பற்றி விருந்தாளி கேட்பதில்லை. துரைமார் போனார்கள், 1970களில் தோட்டங்கள் அரசிடம் போயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் வந்தது. நாங்கள் விருந்தாளியாகவே இருந்துவிட்டோம். டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்து நிற்கிற வார்லி தேவாலயம் 1878இல் கட்டப்பட்டது. அதன் கல்லறைத் தோட்டத்தில் துரைமாரின் பெயர்கள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. எங்கள் மூத்தவர்கள் தேயிலைத் தூருக்கடியில் பெயரில்லாமல் கிடக்கிறார்கள்.

இன்னொன்றும் எங்கள் மேல் குற்றமாக நிற்கிறது. 1966 தொடக்கம் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு விடுமுறை இல்லை. பௌத்தர்களின் போயா நாட்களே வார விடுமுறையாக இருந்தன. ஓய்வுநாள் பறிபோனது என்று அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் வருந்தியதை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நியாயமான வருத்தம். ஆனால் அந்த ஐந்தாறு வருட வருத்தத்தைத் தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிற நாங்கள், கொழுந்துக் காலம் வந்தாலே ஞாயிறு பறிபோகிற பெண்களுக்காக ஒருநாளும் வருந்தவில்லை. உபாகமத்தில் ஓய்வுநாள் கட்டளைக்குக் காரணம் தெளிவாக இருக்கிறது: உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய். பத்துக் கட்டளைகளை ஒப்புவிக்கிற பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தோம். வேலைக்காரி என்ற சொல் வரும்போது அது பரிசு வாங்குகிற பிள்ளையின் அம்மா என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

எகிப்தைப் பற்றிச் சொல்லும்போது சம்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை "அரசியல்" என்று சொல்லி மேடையிலிருந்து ஒதுக்கினவர்கள் நாங்கள். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளொன்றுக்கு 730 ரூபாய் என்றார்கள். அதில் அடிப்படை 500. வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்கு 30. காய்ச்சலில் படுத்தால் வரவுப் பணம் ஆபத்தில். கை தளர்ந்தால் உற்பத்திப் பணம் இல்லை. ஓய்வுக்கே அபராதம் போட்ட கணக்கு அது. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக 1000 ரூபாய் வந்தது. சம்பளம் ஏறியதும் பல தோட்டங்களில் கிலோவும் ஏறியது, அரைப்பேர் பெருகியது. 2024இல் குறைந்தபட்சச் சம்பளம் 1350 ஆனது. யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தில் பார்வோன் வைக்கோலை நிறுத்திவிட்டுச் செங்கல் எண்ணிக்கையைக் குறைக்காமல் கேட்கிறான். ஆராதிக்கப் போக வேண்டும் என்று ஜனங்கள் கேட்டதற்கு, சோம்பலாயிருப்பதால் கேட்கிறார்கள் என்கிறான். தூங்கிய பெண்களைப் பார்த்து நாங்கள் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்வோனின் வார்த்தையைச் சொல்லியிருக்கிறோம்.

எல்லோரும் அப்படியிருக்கவில்லை. யேசுசபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கி, தோட்ட மக்களின் உரிமைக்காக ஆயுள் முழுக்க உழைத்தார். குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்ரமசிங்க 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, தமிழருக்கு நடந்ததை எண்ணித் தம் சிங்கள மக்கள் வெட்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சபைக்குச் சொன்னார். அதே வருடம் ஒக்டோபரில் இறந்துபோனார். ஒரு சமூகம் தன் குற்றத்தைத் தன் வாயால் சொல்வது எப்படி என்று இந்தத் தீவில் எங்களுக்குக் காட்டியவர் அவர். அவர்களுடைய பெயர்களை நினைவுக்கூட்டங்களில் சொல்லி, அந்த நிழலில் நாங்கள் நின்றுகொண்டோம்.

ஆண்களைப் பற்றி ஒன்று. துரையையும் கம்பனியையும் சொல்லிவிட்டு இதை விடமுடியாது. ஓய்வு எங்களுக்கு உண்டு. ஆண்களில் பலர் மதியத்தோடு வேலை முடிந்து வருகிறோம். அந்த அரைநாளில் ஒரு குடம் தண்ணீர் வீட்டுக்கு வந்திருக்குமா? லூக்கா எழுதுகிற பதினெட்டு வருடம் கூனியாயிருந்த பெண்ணை இயேசு ஓய்வுநாளில், ஜெபாலயத்தின் நடுவில் வைத்து நிமிர்த்தினார். வேலைசெய்ய ஆறு நாள் இருக்கிறதே என்று கோபித்தவன் ஜெபாலயத் தலைவன். எங்கள் ஊர்களில் தலையில் கூடைக்கயிறு இழுத்து முதுகு வளைந்தவர்களைப் பார்க்கும்போது இந்தக் கதையில் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சென்ற வருடக் கடைசியில் எங்கள் நிர்வாகக் குழுவில் இதைப் பேசினோம். ஞாயிறு வேலையை நிறுத்தும்படி தோட்டத்தைக் கேட்கலாமா என்று ஒருவர் சொன்னார். முதலில் அவர்களைக் கேட்போம் என்று நான் போய், அன்று நிமிர்ந்து உட்கார்ந்த அந்த அம்மாவிடமே கேட்டேன். மன்னிப்பும் கேட்டேன். அதற்கு அவர், "அத நீங்க இன்னுமா மனசுல வச்சிருக்கீங்க தம்பி" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "லீவு நல்லந்தான். ஆனா லீவு அன்னிக்கும் தண்ணி பீலியிலதானே கெடக்கு, அத யாரு தூக்குறது? கைக்காசு இல்லாட்டி கடக்காரனுக்கு என்னா சொல்றது? மலையில ஒதுங்க ஒரு எடம் இல்ல. அதயெல்லாம் கேளுங்க மொதல்ல."

லயத்துக்குள் குழாய். மலையில் கழிப்பறையும் மழைக்கு ஒதுங்க ஒரு மடுவமும். கைக்காசை நம்பாமல் வாழக்கூடிய ஆறு நாள் சம்பளம். ஞாயிறு வேலைக்கு வராதவரை யாரும் முகம் சுளித்துப் பார்க்காமல் இருப்பது. இவற்றைக் கேட்டுச் சபையின் பெயரில் தோட்ட நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் பிரதேச சபைக்கும் கடிதம் எழுதுவதென்று தீர்மானம் போட்டோம். ஆராதனை முடிந்த தேத்தண்ணியை இனி ஆண்கள் ஊற்றுவதென்றும் போட்டோம். தேத்தண்ணி நடக்கிறது. பின்வரிசையில் தூங்குகிறவரை இப்போது யாரும் எழுப்புவதில்லை.

கடிதம் போகவில்லை. அதை எழுத வேண்டியவர் சபைச் செயலாளர், அதாவது நான். கூட்டங்கள், கன்வென்ஷன், அறுவடைப் பண்டிகை என்று நேரம் கிடைக்கவில்லை என்று குழுவுக்குச் சொல்லி வருகிறேன். இன்றோடு ஐந்து மாதம்.