நம்பத்தகாதவர் யார்?

கொங்கோவும் சாம்பியாவும் பகிர்ந்துகொள்ளும் செம்புப் பிரதேசத்தை ‘நம்பகமான வாணிபப் பங்காளி’ ஆக்குவது எவ்வாறு என்ற வினா இன்று மீண்டும் எழுப்பப்படுகின்றது. மின்கலங்களுக்கு வேண்டிய கோபாற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் கொங்கோவிலேயே அகழப்படுவதால், வினவுவோரின் அவசரம் விளங்கக்கூடியதே. ஆனால் விற்பவனின் ஒழுங்கீனத்தை அளக்க ஆயிரம் அளவுகோல்கள் வைத்திருப்போர், வாங்குபவனை அளக்க ஒன்றையேனும் வைத்திருக்கவில்லை.

சாம்பியாவை எடுத்துக்கொள்வோம். எழுபதுகளின் தொடக்கத்தில் அதன் ஏற்றுமதி வருவாயில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டது செம்பினாலேயே கிடைத்தது. 1973 இல் ரொடீசிய வெள்ளையர் ஆட்சி எல்லையை மூடிற்று. 1975 இல் அங்கோலாவின் போர் பெங்குவேலாப் புகையிரதப் பாதையைத் துண்டித்தது. அந்நிலையிலும், மேற்குலகம் இலாபந்தராது என ஒதுக்கிய 1,860 கிலோமீற்றர்ப் பாதையைச் சீன உதவியுடன் தன்சானியா ஊடாக அமைத்துச் செம்பை அனுப்பினர். விற்பவன் வாக்குத் தவறவில்லை. தவறியது விலை. லண்டன் உலோகச் சந்தையில் 1974 ஏப்ரலில் உச்சத்திலிருந்த செம்பின் விலை, ஓராண்டு கழியுமுன் பாதிக்கும் கீழே வீழ்ந்தது. பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் அமைக்க முனைந்த அரசு கடனில் அமிழ்ந்தது. அந்த வீழ்ச்சிக்காக எந்தக் கொள்வனவாளனையும் எவரும் ‘நம்பத்தகாதவன்’ என்றனரா?

உள்நாட்டு ஆட்சியாளரை நாம் விடுவிக்கவில்லை. எண்பதுகளின் நடுவில் ஆண்டுக்கு 4 இலட்சம் தொன்னுக்கு மேல் செம்பு தந்த கொங்கோவின் அரச சுரங்க நிறுவனமான ஜெக்கமின், 1994 இல் அதில் பத்திலொரு பங்கும் தரவில்லை. மொபுட்டு அதைத் தன் சொந்தப் பணப்பெட்டியாகக் கருதினார். ஆயினும் அவரை மூன்று தசாப்தங்கள் தாங்கிநின்றவர் எவர்? இன்று ‘நல்லாட்சி’ போதிக்கும் தலைநகரங்களே!

அக்காலத்தின் முழு உருவத்தையும் ஒரு மின்கம்பித் தொடரில் காணலாம். கொங்கோ ஆற்றின் இங்கா அணையிலிருந்து கட்டங்காச் சுரங்கங்களுக்கு ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர் நீளும் அது, 1982 இல் நிறைவேறியது. நேரோட்ட மின்சாரமாதலால் அதை இடைவழியில் எளிதிற் பிரித்தெடுக்க இயலாது. கம்பிகளுக்குக் கீழேயிருந்த கிராமங்கள் விளக்கின்றிக் கிடந்தன. கம்பிகளுக்காகப் பட்ட கடன் மட்டும் அக்கிராமத்தவருக்கும் உரியதாயிற்று. தன் தலைக்கு மேலே செல்லும் செல்வத்தில் பங்கற்ற மக்களைக் கொண்ட பிரதேசம் அமைதியாக இருக்குமென எதிர்பார்ப்பது எந்தப் பொருளியல்?

2022 இல் இறாத்தலுக்கு ஏறத்தாழ 40 டொலர்வரை ஏறிய கோபாற்று, 2025 தொடக்கத்தில் 10 டொலரளவுக்கு இறங்கியது. கொங்கோ அரசு அவ்வாண்டு பெப்ரவரியில் ஏற்றுமதியை நிறுத்தி, ஒக்டோபரில் பங்கீட்டு முறையைக் கொணர்ந்தது. எண்ணெய் நாடுகள் உற்பத்தியைக் குறைத்தால் அது சந்தைத் தந்திரம். கொங்கோ குறைத்தால் நம்பிக்கைத் துரோகமா?

இப்பொழுது அமெரிக்காவும் ஐரோப்பாவும் அங்கோலாவின் லொபிட்டோத் துறைமுகத்துக்குச் செல்லும் பழைய பெங்குவேலாப் பாதையைப் புதுப்பிக்கப் பணம் தருகின்றன. நல்லது, ஆனால் துறைமுகத்துக்குச் சுமை இறக்கும் பாதை 1931 இலும் இருந்தது. கோபாற்றைச் சுத்திகரிக்கும் ஆலைகளோ பெரும்பாலும் சீனாவில் இருக்கின்றன. மின்கல உற்பத்தியைத் தம் மண்ணிலேயே தொடங்குவதற்குக் கொங்கோவும் சாம்பியாவும் 2022 இல் உடன்படிக்கை செய்தன. நம்பகமான பங்காளியை வேண்டுவோர், சீனராயினும் மேற்குலகினராயினும், அவ்வாலைகளின் உற்பத்தியை நிலையான விலைக்குப் பத்தாண்டுகள் வாங்குவோமென முதலிற் கையொப்பமிடட்டும்.